வரி இல்லாத மாநிலமும் மேசை இழுப்பறைப் பெட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில், கலிஃபோர்னியாவை விட்டு டெக்சாசுக்குக் குடிபெயரும் நம்மவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. "வரியே இல்லாத மாநிலம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். நான் வணிகவரித் துறையில் 33 ஆண்டு குப்பை கொட்டியவன். வரியே இல்லாத ஊர் என்று யாராவது சொன்னால் எனக்குக் காது விடைத்துக்கொள்ளும். போதாததற்கு என் மகனும் அப்படிப் போனவன்தான். 2021 கடைசியில் சான் ஹோசேயில் இருந்த வீட்டை விற்றுவிட்டு டல்லாசுக்கு வடக்கே போய்விட்டான். நானும் என் மனைவியும் 2024 ஜனவரியிலிருந்து ஜூலை வரை அங்கே இருந்துவிட்டு வந்தோம். அதனால் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர். வரிக்காக எல்லை தாண்டுவதைப் பார்க்க நாங்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை, பெண்ணையாற்றைத் தாண்டினால் போதும். ஆட்கள் பெட்ரோலுக்கும் பாட்டிலுக்கும் புதுச்சேரி போய் வருவார்கள். வாடகை ரசீது ஒன்றைக் காட்டி அங்கே காரைப் பதிவு செய்து, பி.ஒய். நம்பரோடு நம்மூர்த் தெருவில் ஓட்டுவார்கள். மகன் டெக்சாஸ் போகிறேன் என்றபோது அதைச் சொல்லிக் கேலி செய்தேன். "அப்பா, நான் நம்பர் பிளேட்டை மட்டும் மாத்தலை, குடும்பத்தையே மாத்துறேன்" என்றான். கலிஃபோர்னியா வரிக்காரர்களும் லேசில் விடுகிறவர்கள் இல்லை. அங்கே வேலை பார்த்தபோது கம்பெனி எழுதிக்கொடுத்த பங்குகள் டெக்சாஸ் போன பிறகு கைக்கு வந்தாலும், அங்கே உழைத்த நாட்களுக்கு உரிய வரியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மகன் இரண்டு ஆண்டு அப்படிக் கட்டினான். எனக்கென்னவோ அந்த அலுவலர்கள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

சரி, கணக்குக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் மாநில வருமான வரி மட்டும் மகனும் மருமகளும் சேர்ந்து ஆண்டுக்கு 19,000 டாலருக்கு மேல் கட்டினார்கள். டெக்சாசில் அந்த வரி கிடையாது. இனிமேலும் போட முடியாதபடி 2019-ல் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். இதுவரை உங்கள் கட்டுரை சரி. ஆனால் அரசாங்கம் காற்றைக் குடித்துக்கொண்டா நடக்கும்? பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கட்டுரையாளர் கேட்கவில்லையே! அது வீட்டிலிருந்து வருகிறது. வருமானத்தைத் தொடாதவர்கள் சுவரைத் தொடுகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் 1978-ல் 13-ஆம் முன்மொழிவு என்று ஒன்றை மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள். அதன்படி வீட்டு வரி, மதிப்பில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வீட்டை விற்காதவரை மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. என் மகன் 2013-ல் வாங்கிய வீட்டுக்கு 8,000 டாலர் சொச்சம் கட்டினான். எண்பதுகளில் வாங்கிய அடுத்த வீட்டுக் கிழவர் கட்டியது அதில் கால்வாசிகூட இல்லை. டெக்சாசில் அந்தப் பேச்சே கிடையாது. குடியிருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கழிவு தருகிறார்கள், ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வரிக்கான மதிப்பை ஏற்றுவதில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கு ஒரு வரி, மாவட்டத்துக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று. புது மனைப் பகுதி என்பதால் குடிநீர் வடிகால் கடனுக்கு இன்னொன்று. எல்லாம் சேர்த்து 13,200 டாலர். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து காப்பீட்டுக்காரன் கேட்பது முன்பு கட்டியதைப் போல மூன்று மடங்கு. கோடையில் ஏசிக்கு ஆகும் கரண்ட், திரும்பின பக்கமெல்லாம் சுங்கச் சாலை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கழித்துப் பார்த்தேன். 19,000-ல் மிஞ்சியது 9,000-த்துக்குக் கொஞ்சம் மேலே. லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு உண்மையில் கிடைத்த லாபம் வீட்டு விலையில்தான். வரியில் கிடைத்தது அதற்குப் பக்கத்தில்கூட வராது. வாரம் ஒருமுறை வந்து வீடு துடைத்துத் தரும் அம்மாவுக்கு இந்த மாநிலத்தால் என்ன லாபம் என்றும் யோசித்தேன். அவர் வருமானத்துக்குக் கலிஃபோர்னியாவிலும் பெரிதாக வரி வந்திருக்காது. டெக்சாசில் கடையில் சோப்பு வாங்கினாலும் நூற்றுக்கு 8.25 விற்பனை வரி, வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையில்.

ஏப்ரலில் மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தது. மே 15-க்குள் ஆட்சேபிக்கலாம் என்று போட்டிருந்தது. வியாபாரிகளின் ஆட்சேபணை மனுக்களை எத்தனை ஆண்டு படித்துத் தள்ளுபடி செய்திருப்பேன்! இப்போது மகனுக்காக நானே ஒன்று எழுதினேன். இதில் வேடிக்கை என்னவென்றால், டெக்சாசில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்று அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. கிரயப் பத்திரத்தில் தொகை இருக்காது. நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இதைச் சொன்னால் மயங்கி விழுவார்கள். ஆக, மதிப்பிடுகிறவரும் குத்துமதிப்பு, மறுக்கிறவரும் குத்துமதிப்பு. தரையில் விட்டிருந்த விரிசலைப் படம் எடுத்துக்கொண்டு போனோம். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் பதினைந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். மதிப்பில் 22,000 டாலர் குறைத்தார், அதாவது வரியில் ஏறக்குறைய 500 டாலர். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதையும் குறைத்திருக்க மாட்டேன்.

கட்டுரையில் கடைசி வரியாக, "துப்பாக்கிச் சட்டமும் அங்கே தளர்வு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காய்கறியோடு போடும் கறிவேப்பிலைக் கொசுறு மாதிரி. என் மகன் போனதும் வரிக்காகத்தான், இது கொசுறாக வந்தது. ஆனால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பக்கத்திலிருந்து வந்தது இரண்டுக்குமாக. கலிஃபோர்னியாவில் துப்பாக்கிக்குப் பணம் கட்டிவிட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும், தோட்டா வாங்கக்கூடப் பின்னணி விசாரணை, பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினை, அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டியை, விற்கக் கூடாது. டெக்சாசில் இதில் ஒன்றுமே கிடையாது. கடையில் வாங்கினால் மத்திய அரசின் விசாரணை உண்டு, முடிந்தால் அன்றைக்கே கையில். தெரிந்தவரிடம் வாங்கினால் அதுவும் இல்லை. 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, 21 வயது நிரம்பி, சட்டம் தடை செய்யாதவராக இருந்தால் உரிமம் இல்லாமலே இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். அந்த மனிதர் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி சொல்லுவார். கெட்டவர் இல்லை. மே மாதப் புயலில் எங்கள் வேலி சாய்ந்தபோது முதலில் ஓடி வந்து தூக்கிப் பிடித்தவர் அவர்தான், இடுப்பில் அதுவும் இருந்தது.

எங்கள் பெரியப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பண்ருட்டி பக்கத்து முந்திரித் தோப்பில் பன்றி விரட்ட வைத்திருந்தார். உரிமத்தைப் புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடப்பார். தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். துப்பாக்கி என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்த ரசீதுதான்.

2023 மே 6-ஆம் தேதி ஆலன் என்ற ஊரில், மகன் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், ஒரு கடைவளாகத்தில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் தெலங்கானாவிலிருந்து போன ஓர் இளம் எஞ்சினியர் பெண்ணும் உண்டு. எங்களுக்கு மகன் கொண்டுவரும் செருப்பும் சட்டையும் அந்த வளாகத்தில் வாங்கியதுதான். இதைக் கேட்டால் துப்பாக்கியே வேண்டாம் என்று தோன்றும் என்றுதான் நினைத்தேன். அவன் அடுத்த மாதம் ஒன்று வாங்கியிருக்கிறான். சொல்லவே இல்லை. நாங்கள் போன பிறகு, மாடியில் மேசை இழுப்பறையில் எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியைப் பார்த்து, நகைப் பெட்டி என்று நினைத்து என் மனைவி எடுத்தாள். மருமகள் பதறிவிட்டாள்.

அன்று இரவு அவனோடு பேசினேன். "காட்டு பார்ப்போம்" என்றேன். "நீங்க தொடக் கூடாதுப்பா" என்றான். "ஏன்டா, நான் என்ன குழந்தையா?" என்றேன். விஷயம் அதுவல்ல. விசிட்டர் விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பது அங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் அதே கதைதான். மகனுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் வாங்கியிருக்கிறான். நான் சொன்னதற்கெல்லாம் அவனிடம் பதில் இருந்தது. "கலிஃபோர்னியாவில் அவ்வளவு சட்டம் இருந்தும் 2019-ல் கில்ராய் பூண்டுத் திருவிழாவில் சுடலையா? 2021-ல் நாங்க இருந்த சான் ஹோசேயிலேயே ரயில் பணிமனையில் ஒன்பது பேரைச் சுட்டானே" என்றான். உண்மை, மறுக்க முடியவில்லை. ஆனால் நான் புள்ளிவிவரத்தோடு வாழ்ந்தவன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 கணக்கில், துப்பாக்கியால் இறந்தவர்கள் கலிஃபோர்னியாவில் லட்சத்துக்கு ஒன்பது பேருக்கும் குறைவு, டெக்சாசில் பதினைந்துக்கும் மேலே. நாடு முழுவதும் எடுத்தால் இந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வாசல் வழியாக வரும் திருடனுக்காக வாங்கி வைப்பது பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவரையே கொல்கிறது. இதைச் சொன்னபோது அவன் பேசவில்லை. பேத்திக்குப் பதினொரு வயது. பெட்டியின் பூட்டு எண் என்ன என்று கேட்டேன், அவள் பிறந்த தேதியாக மட்டும் இருக்கக் கூடாது என்றேன். மறுநாள் எண்ணை மாற்றினான்.

ஊர் திரும்புமுன் அங்கே ஒரு கோயிலுக்குப் போனோம். வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே, துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று சட்டப்பிரிவு எண் போட்டு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய பலகை. அந்தப் பலகையை மாட்டாவிட்டால் துப்பாக்கியைக் கொண்டு வரலாம் என்று அர்த்தமாம். என் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இது எதுக்குங்க?" என்று கேட்டாள். உள்ளே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது ஒரு வீட்டு வரி நோட்டீசைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும். வேண்டுமென்றால் என் மகனுடையதை அனுப்பி வைக்கிறேன். இந்த ஆண்டு நோட்டீசில் மதிப்பு மறுபடி ஏறியிருக்கிறது, மனுவை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன், அச்சில் வேண்டாம். மகன் உங்கள் பத்திரிகையைப் படிப்பவன்.

இப்படிக்கு,
வணிகவரித் துறை ஓய்வூதியர்,
கடலூர்