பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம்: தளிக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி
மார்கழிக் கடைசி

அன்புள்ள மாதேஷ்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மா பூவெடுக்கத் தொடங்கிவிட்டது. காலைப் பனி இப்படியே விழுந்தால் பூவில் சாம்பல் நோய் வருமே என்று தோப்புக்காரர்கள் கந்தகம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இனி உன் சுவர் விஷயம். படுக்கையறை வடக்குச் சுவரில், பீரோ நின்ற இடத்தில் மட்டும் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் போதும் என்று பெயின்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதற்கு இப்போது ஒத்துக்கொள்ளாதே. ஈரம் மழையில் வந்ததா, தரையிலிருந்து ஏறியதா, வீட்டுக்குள்ளேயே உண்டானதா என்று தெரியாமல் அடிக்கிற பெயின்ட் அடுத்த மார்கழியில் உரிந்து நிற்கும். காசும் போகும், சுவரும் போகும்.

கண்ணால் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். தரையிலிருந்து ஏறுகிற ஓதம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நிற்கும். அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பூச்சு பொருக்குத் தட்டும். மழைக்கசிவு மழை பெய்த மறுநாள் கறையாக விரியும், வெயிலில் சுருங்கும். வீட்டு ஆவி குளிர்ந்து படிகிற ஈரத்துக்கு உப்பு இருக்காது. மேல் மூலை, லிண்டல், பீம் ஓரம், பீரோவின் முதுகுப்பக்கம் என்று குளிர்ந்த, காற்றாடாத இடமாகப் பார்த்துக் கறுப்புப் பூஞ்சணம் வரும். உன் படத்தில் தெரிவது இந்த மூன்றாவது வகை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் சோதித்துவிடு.

சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினிய ஃபாயிலில் ஓரடிச் சதுரம் வெட்டு. சுவரைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஃபாயிலை அழுத்தி வைத்து, நான்கு பக்கமும் இடைவெளி விடாமல் டேப் ஒட்டு. இரண்டு நாள் விட்டு, விடியற்காலையில் பார். அறைப்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் அது காற்றிலிருந்து படிந்தது. பிரித்துப் பார்க்கும்போது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் நனைந்தால் இரண்டு கோளாறும் உண்டு. முதலில் சுவருக்குள் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மீதியை நீயே செய்துகொள்வாய். ஒரு கன மீட்டர் காற்று 22 டிகிரியில் சுமார் 19 கிராம் நீராவி தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம்கூடத் தாங்காது. உன் அறை 22 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள். 17 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று வேர்க்கும். உங்கள் தளி ஊர்ப் பனியில் வெயில் படாத வடக்குச் சுவர், அதுவும் ஆறு அங்குல ஹாலோ பிளாக் சுவர், சுலபமாக அதற்குக் கீழே போகும். அறைச் சூடு பின்னால் போகாதபடி பீரோ மறைத்து நிற்பதால் அந்த இடம் இன்னும் குளிரும். சுவர் வேர்க்கக்கூட வேண்டாம், அதை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கும்.

அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். நாலு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் வேர்வையிலும் ஒரு லிட்டருக்கு மேல் போகும். மெஷினில் பிழிந்த ஒரு கூடைத் துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால் இரண்டு மூன்று லிட்டர். யாரும் கணக்கில் எடுக்காதது கேஸ் அடுப்பு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாக வரும், 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது 20 லிட்டருக்கு மேல். களி கிண்டும்போதும் சோறு வடிக்கும்போதும் எழும்பும் ஆவி இதில் சேரவில்லை. நாட்டு ஓட்டு வீட்டில் இதெல்லாம் ஓட்டிடுக்கு வழியே போய்விடும். கான்கிரீட் போட்டு, ஸ்லைடிங் ஜன்னல் வைத்து, குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரிலும் அட்டை வைத்து அடைத்தால் அது எங்கே போகும்? முதலில் அந்த அட்டையை எடு. கொசு வந்தால் வலை அடித்துக்கொள்.

சமையலறைக்கு 9 அங்குல எக்ஸாஸ்ட், குளியலறைக்கு 6 அங்குலம், கூரைக்குப் பக்கத்தில், கதவுக்கு எதிர்ச்சுவரில் வை. கதவுக்கடியில் அரை அங்குலம் சந்து இருக்கட்டும்; காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் சுற்றிப் பயனில்லை. குளித்து முடித்ததும் அறை காயட்டும் என்று கதவைத் திறந்துபோட்டால் அத்தனை ஆவியும் படுக்கையறைக்குப் போகும். கதவைச் சாத்து, ஃபேனை இன்னும் இருபது நிமிடம் ஓடவிடு.

ஜன்னல் திறக்கவும் நேரம் காலம் உண்டு. தை மாதத்தில் காலை பத்து மணி முதல் நாலு மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவை. அந்த நேரத்துக் காற்று வறண்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிக்காற்றே நீர் கோத்திருக்கும். அன்றைக்கு எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டால் குளிர்ந்த சுவர் இன்னும் நனையும். எக்ஸாஸ்ட் மட்டும் போதும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வை. 60-க்குக் கீழ் இருந்தால் நல்லது, 70-ஐத் தாண்டி நின்றால் எங்கோ ஆவி அடைபடுகிறது.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, கால்களுக்கு அடியில் கட்டை கொடு. முடிந்தால் உள்சுவர் ஓரத்துக்கே மாற்றிவிடு. பட்டா, பத்திரமெல்லாம் கீழ்த்தட்டில் இருந்தால் மேலே ஏற்று. ராகி மூட்டையும் இப்படித்தான், பலகை மேல், சுவரில் படாமல். ரசகற்பூர உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா மூடிய அலமாரிக்குள் வேலை செய்யும், அறைக்குப் போதாது. அதில் சேரும் நீர் இரும்பை அரிக்கும், துணியில் படவிடாதே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அம்மாவுக்குக் குளிருகிறது என்று கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் வெளியே மாற்று. ரூம் ஹீட்டர் தேவைப்பட்டால் கரண்டில் ஓடுவதாக வாங்கு.

பூஞ்சணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதே, விதைத்தூள் வீடெல்லாம் பறக்கும். மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். ஒரு லிட்டர் தண்ணீரில் 15 முதல் 20 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து, ஸ்பாஞ்சால் ஒற்றிக் கால் மணி நேரம் விட்டுத் துடை. பாத்ரூம் ஆசிட்டை அதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரே பக்கெட்டைக்கூடப் பயன்படுத்தாதே. பெயின்டுக்கு அடியில் பூசிய பட்டி மெத்தென்று ஆகியிருந்தால் துடைத்துப் பயனில்லை. நனைத்துச் சுரண்டி, பையில் கட்டி வெளியே போட்டுவிட்டுப் பூச்சு வரை காயவிடு.

அதன் மேல் நான் சிபாரிசு செய்வது சுண்ணாம்புதான். நன்றாக நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, சுவரை லேசாக நனைத்து, மெல்லியதாக மூன்று கோட். அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது, சுவரும் மூச்சு விடும். பழைய பிளாஸ்டிக் பெயின்ட் மேல் ஒட்டாது, அதை முழுக்கச் சுரண்ட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடு.

ஒருவேளை ஃபாயிலின் சுவர்ப்பக்கம் நனைந்தால் வெளியே போய்ப் பார். பூந்தொட்டி, மண், சிமென்ட் தளம் ஏதாவது பேஸ்மட்டத்துக்கு மேலே ஏறியிருக்கும். மண்ணை அரையடி கீழே இறக்கி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு போடு. உப்பைக் கழுவாதே, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியெடு; கழுவினால் கரைந்து உள்ளேயே போகும்.

மொட்டைமாடியில் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் இருக்கின்றனவா, வெறும் கான்கிரீட்டா என்று எழுது. வெறும் கான்கிரீட் என்றால் தெளிந்த வானத்துக்குச் சூட்டையெல்லாம் விட்டுவிட்டு உன் சீலிங்கும் வேர்க்கும். கோடையில் அந்தத் தளம் போடுவதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் மாசி வரை பொறுக்கச் சொல்.

அன்புடன்,
சென்னப்பன்