சேகர், புது ஃபோன் வாங்குவதற்கு முன்னால்…

அன்புள்ள சேகர்,

உன் ஃபோன் திணறுகிறது என்ற வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். 'ப்ராசஸர் தேஞ்சு போச்சு, புதுசு வாங்கிடுங்க' என்றாராமே கடைக்காரர்! தேய்வதற்கு அதென்ன செருப்பாடா? கொஞ்சம் பொறு.

போன மாதம் என் பழைய ஃபோனும் இதே அழிச்சாட்டியம்தான். ஸ்னாப்டிராகன் 660 என்ற ப்ராசஸர், அதாவது ஃபோனின் மூளையான சிப், போட்டது. மேப் நகராது, கால் வந்தால் திரை வராது. வேகத்தைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆப் ஓடுவதே ப்ராசஸருக்கு வேலை. தூங்குகிறவனை உலுக்கி 'தூங்குறியா?' என்று கேட்ட கதை. அதனால் கம்ப்யூட்டரிலிருந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளைச் செருகி, ஃபோன் கேட்கும் அனுமதியைக் கொடுத்தால் ஏடிபி ஷெல்லுக்குள், அதாவது கம்ப்யூட்டரிலிருந்தே ஃபோனுக்குக் கமாண்ட் கொடுக்கும் இடத்துக்குள், போய்விடலாம். உள்ளே இருப்பது லினக்ஸ். காலேஜ் லேபில் மல்லுக்கட்டினோமே, ஃபைலில் இருப்பதைக் காட்டும் அதே 'கேட்' (cat) கமாண்ட்தான். ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் ஒவ்வொன்றின் வேகமும் ஒரு குட்டி ஃபைலில் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். என் ஃபோனில் ரூட், அதாவது ஃபோனின் பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுப்பது, எதுவும் தேவைப்படவில்லை.

எட்டு கோரும் ஒரே மாதிரி இல்லை. முதல் நான்கும் சின்னவை. அடுத்த நான்கும் பெரியவை, 2208000 வரை, அதாவது 2.2 கிகாஹெர்ட்ஸ் வரை, ஏறும். சும்மா இருக்கும்போது எண் இறங்கிக் கிடந்தால் பயப்படாதே, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறது. பார்க்க வேண்டியது 'ஸ்கேலிங் மேக்ஸ்' ஃபைலை. இப்போதைக்கு எவ்வளவு வரை ஏறலாம் என்ற வரம்பு அதில் இருக்கும்.

மத்தியான வெயிலில் கார் டேஷ்போர்டில் சார்ஜ் போட்டபடி மேப் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் செருகிப் பார்த்தேன். பெரிய கோர்களுக்கு வரம்பு 1401600! தடித்த ரப்பர் கவரைக் கழற்றி, ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு, மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டி அதே கமாண்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். 1747200 ஆனது. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி 2208000. சூடு தாங்காமல் ஃபோன் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நீயும் பைக்கில் வெயில் படும்படி ஹோல்டரில்தானே மாட்டுகிறாய்? ஒரு வாரம் கவரைக் கழற்றிவிட்டுப் பாரேன். அப்புறமும் திணறினால், ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டதா என்று பார்க்கலாம்.

மாடி வேலை ஜன்னல் மட்டம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டையும் பார்க்கலாம், உன் ஃபோனையும் பார்க்கலாம். டேட்டா போகிற கேபிளாகக் கொண்டு வா. சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளைச் செருகி வைத்துக்கொண்டு அன்றைக்கு அரை மணி நேரம் கம்ப்யூட்டரைத் திட்டினேன்.

அன்புடன்,
முரளி