நீ ஆடாத பத்தொன்பது மாதங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. படிப்பவர்களில் பாதிப் பேர் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இருந்தாலும் அது என் கையால் எழுதியதாக இருக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. தனிக் கடிதமாக அனுப்பியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். மூன்று அனுப்பினேன், மூன்றும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. உன்னை அணியிலிருந்து நிறுத்தியதைப் பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்து அறிவித்தவன், அணியின் மேலாளரான நான். ஆகவே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் நாலு பேர் அறியச் சொல்வதே முறையாக இருக்கும்.

சென்ற திங்கட்கிழமை நம் கிரிக்கெட் சங்கத்தின் புதிய விதிக்கு ஒப்புதல் கிடைத்தது. கடுமையான குற்ற வழக்கு ஒன்றில் ஒரு வீரர் மீது நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டால், அன்று முதல் தீர்ப்பு வரும் நாள்வரை அவர் போட்டிகளில் ஆடக் கூடாது. ஊதியம் முழுமையாகத் தரப்படும், பயிற்சிக்கு வரலாம், அணியின் மருத்துவரும் பயிற்சியாளரும் அவருக்கு உண்டு. அந்தத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. நீதிமன்றம் உன்னை விடுவித்து எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. உன்னை வீட்டில் உட்கார வைத்த முடிவை இப்போது சட்டமாகவே ஆக்கிவிட்டான் என்று நீ எண்ணுவாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு யார் வாயிலாகவோ நீ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிட நினைத்தேன்.

அந்தக் காலை எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. உடை மாற்றும் அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மட்டைக்குப் புது கிரிப் மாட்டிக்கொண்டிருந்தாய். பழையதை பிளேடால் கீறி உரித்துத் தரையில் போட்டிருந்தாய். அடியில் இருந்த நூல்சுற்று ஓரிடத்தில் பிரிந்திருந்ததால், அங்கே பசை தடவி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே வந்தேன். சொல்ல வந்ததைச் சொன்னேன்: மூன்று வாக்கியங்கள், இரவெல்லாம் ஒத்திகை பார்த்தவை. நீ நிமிரவில்லை. "இத முடிச்சுடுறேண்ணா" என்றாய். கோனில் ஏற்றியிருந்த நீல ரப்பரைக் கைப்பிடியின் முனையில் வைத்து, மட்டையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, சுருள் சுருளாகக் கீழே தள்ளினாய். பாதியில் சிக்கிக்கொண்டது, மேலே இழுத்து மறுபடி தள்ளினாய், அடிவிளிம்பில் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்தாய். பிறகு அந்த மட்டையை உன் பையில் வைக்காமல், எதிர் பெஞ்சில் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பையனின் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாய். அவன் அன்று மாலை உன் இடத்தில் ஆடினான். அந்த மட்டையைத் தொடவில்லை. அது இன்னும் அந்த அறையின் அலமாரி மேல்தான் கிடக்கிறது.

அதற்கு முந்தைய நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. குற்றப்பத்திரிகை வந்த பிறகும் உன்னை இரண்டு ஆட்டங்களில் ஆடவிட்டவன் நான்தான். 'சட்டம் தன் கடமையைச் செய்யும், அணி தன் கடமையைச் செய்யும்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்ததும் நான்தான். எழுதியபோது நல்ல வாக்கியமாகத் தோன்றியது. இரண்டாவது ஆட்டத்தில் நீ சதம் அடித்தாய். மட்டையைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியால் சட்டையின் முதுகிலிருந்த உன் பெயரைத் தொட்டுக் காட்டினாய். அரங்கமே எழுந்து நின்றது. தடுப்புக் கம்பி அருகே நின்று நானும் கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மேல்வரிசையிலிருந்து, உன் பெயரோடு சேர்த்து இன்னொருவரைக் குறித்தும் ஒரு கோஷம் எழுந்தது. அது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். நீ கேட்டாயோ இல்லையோ, நான் கேட்டேன். அதற்குப் பிறகும் சில நொடிகள் என் கைகள் தட்டிக்கொண்டுதான் இருந்தன.

நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அரங்கம் நிறைந்த கூட்டத்தின் கையில் ஒரு தீர்ப்பை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. 2004 மே 11 அன்று, பாலியல் வன்கொடுமை வழக்கில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் கொலராடோ நீதிமன்றத்தில் தான் குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டு, அன்றிரவே லாஸ் ஏஞ்சலஸில் 42 புள்ளிகள் எடுத்தார். மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக அந்த இரவை நானே எத்தனையோ இளம் வீரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், உனக்கும் சொல்லியிருக்கிறேன். புகார் கொடுத்த பெண்ணுக்கு அந்தக் கைதட்டல் எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் நல்லவனாகத் தெரிவேன். அன்றிரவு பதினோரு மணிக்கு விளம்பரதாரரிடமிருந்தும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதற்கு முன்பே நான் முடிவெடுத்துவிட்டேன் என்று இத்தனை மாதங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். நம்ப வைத்துக் கழுத்தறுத்தார் என்று நீ பேட்டியில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. கோபம் இன்னும் இருக்கிறது. பதினாறு வயதில் கிழிந்த கையுறையோடு வந்தவனை வாரத்தில் ஆறு நாள் வலையில் நிறுத்திப் பந்து போட்டவன் நான், அதை நீயும் அந்தப் பேட்டியில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அழைப்பை நினைக்கும்போது என்னால் உரக்கச் சண்டை போட முடியவில்லை.

சித்துவை யாராவது நிறுத்தினார்களா என்று நீ கேட்டதாகக் காதில் விழுந்தது. நிறுத்தவில்லைதான். 1988 டிசம்பரில் ஒரு சாலைத் தகராறில் முதியவர் ஒருவர் இறந்தார், அவரைத் தாக்கியதாகச் சித்து மீது வழக்கு. நவ்ஜோத் சிங் சித்து அதன் பிறகும் பத்தாண்டுகள் இந்தியாவுக்கு ஆடினார். 1999-ல் கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது, 2006-ல் உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அபராதத்தோடு விட்டது, அதே உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் மறுஆய்வில் ஓராண்டுச் சிறை விதித்தது. கடைசித் தீர்ப்புக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகுமென்றால் எந்த வீரன் காத்திருக்க முடியும் என்பது உன் வாதம். அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. அந்தப் பத்தாண்டுகளில் அவர் களமிறங்கிய ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் இறந்தவரின் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியை என்ன செய்திருப்பார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் நீ ஒப்புக்கொள்வாய். ஊக்கமருந்துச் சோதனையில் முதல் மாதிரி தவறிவிட்டாலே, பல மருந்துகளுக்கு, விசாரணை முடியும் முன்பே வீரரை இடைநீக்கம் செய்ய வேண்டும் என்பது உலக விதி. நாமெல்லாம் அதற்குக் கையெழுத்திட்டுத்தான் ஆடுகிறோம். லண்டன் லார்ட்ஸ் திடலில் பணத்துக்காக வேண்டுமென்றே நோ-பால் வீசிய விவகாரத்தில் மூன்று பாகிஸ்தான் வீரர்களைப் பன்னாட்டு கிரிக்கெட் அமைப்பான ஐசிசி 2010 செப்டம்பர் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. லண்டன் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்ததோ 2011 நவம்பரில். ஆட்டத்துக்கு ஒரு தீங்கு என்றால் நமக்குச் சந்தேகமே போதுமானதாக இருக்கிறது. ஆட்டத்துக்கு வெளியே ஒரு மனிதருக்குத் தீங்கு என்றால் மட்டும் கடைசி மேல்முறையீடு வரை காத்திருக்கச் சொல்கிறோம். குழுவில் இதை நான் சொன்னபோது மூத்தவர் ஒருவர், அங்கே சோதனைக்கூடத்தின் அறிக்கை இருக்கிறது, இங்கே ஒருவரின் சொல் மட்டும்தானே என்றார். சரியான கேள்வி. அதனால்தான் புகார் வந்த அன்றே நிறுத்துவது என்று முதலில் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டைப் பதிவு செய்யும் கட்டம்வரை தள்ளி வைத்தோம்.

எழுதி வைத்த விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நேபாளத்தில் பார்த்தோம். பாலியல் வன்கொடுமைப் புகாரில் சிக்கிய அவர்களின் கிரிக்கெட் அணித்தலைவர் சந்தீப் லாமிச்சானேயை 2022-ல் இடைநீக்கம் செய்தார்கள். பிணை கிடைத்ததும் 2023 பிப்ரவரியில் மறுபடி சேர்த்தார்கள். ஸ்காட்லாந்து, நமீபியா வீரர்கள் அவரோடு கைகுலுக்காமல் நகர்ந்தார்கள். 2024 ஜனவரியில் எட்டாண்டுச் சிறை, மறுபடி இடைநீக்கம். மே மாதம் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, ஜூன் மாதம் உலகக் கோப்பை. நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவைக் கைகுலுக்கலாமா வேண்டாமா என்று எதிரணிப் பையன்களின் தலையில் கட்டினார்கள். இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக விஷயத்தில், 2022 நவம்பரில் பாலியல் புகாரில் அவர் சிட்னியில் கைதான மறுநாளே இலங்கை வாரியம் அவரை எல்லா வகை ஆட்டங்களிலிருந்தும் நிறுத்தியது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் விடுவிக்க, அக்டோபரில் தடையை நீக்கியது. வேகம் இருந்தது. போன மாதங்கள் போனவைதான்.

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் 2019-ல் வந்த விதியைத்தான் நாங்கள் முன்னால் வைத்துக்கொண்டு பேசினோம். பதினோரு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்பட்டால் வீரர் விலகி நிற்க வேண்டும். தவறு செய்தார் என்று அதற்குப் பொருள் இல்லை என்று விதியின் பெயரிலேயே இருக்கிறது. முழுச் சம்பளம் உண்டு. பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டப்பட்ட ரக்பி வீரர் ஜாக் டி பெலின் அதை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றார். இரண்டு முறை விசாரணை நடந்து இரண்டு முறையும் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போய், 2021-ல் எஞ்சிய குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு கைவிட்டது. இரண்டு பருவங்களுக்கு மேல் இழந்து, பழைய அணிக்கே திரும்பி வந்து ஆடினார். எவரும் அவருக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தரவில்லை, எங்கள் விதியும் யாருக்கும் தராது. முப்பதை நெருங்கும் ஒரு மட்டையாளருக்குப் பத்தொன்பது மாதங்கள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நீ திரும்பி வந்த முதல் ஆட்டத்தில், முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து அடிக்கும் பந்துக்கு உன் கை அரை நொடி தாமதமாகப் போனதை நான் பார்த்தேன். தொலைக்காட்சியில்தான்; நுழைவுச் சீட்டு வாங்கியிருந்தும் வர முடியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது உன்னை நிறுத்தியதற்காக அன்று. நாளைக்கே மறுபடி அப்படியொரு காலை வந்தாலும் அதே அறைக்குள் அதே வாக்கியங்களோடுதான் வருவேன். ஆனால் அதற்கு அடுத்த வாரம் இன்னொரு தாளிலும் கையெழுத்திட்டேன். 'ஆடத் தகுதியில்லாத காலம்' என்று ஒப்பந்தத்தில் காயத்துக்காக எழுதியிருந்த ஒரு சொற்றொடரை வளைத்து உன் ஊதியத்தை நிறுத்திய தாள் அது. நீதிமன்றத்துக்கு முன்பே நான் தண்டனை கொடுத்தது அங்கேதான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணி, பாலியல் வழக்கில் சிக்கிய தன் வீரர் பெஞ்சமின் மெண்டியின் சம்பளத்தை 2021 செப்டம்பரில் நிறுத்தியது. அவர் மீதிருந்த குற்றச்சாட்டுகள் எல்லாவற்றிலிருந்தும் 2023-ல் விடுதலையானார். காவலில் இருந்த காலம் போக மிச்சத்தில் பெரும்பகுதி ஊதியத்துக்கு அவருக்கு உரிமை உண்டு என்று 2024 நவம்பரில் தொழில் தீர்ப்பாயம் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் உன் கோப்பை மறுபடி எடுத்தேன். தானாக எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். பயிற்சித் திடலின் வாசலில் உன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துக் காவலாளி உன்னைத் திருப்பி அனுப்பினானே, அந்த உத்தரவும் என்னுடையதுதான். அவன் மேல் கோபப்படாதே.

இப்போது நீ கேட்க விரும்பாத ஒன்று. நீ விடுவிக்கப்பட்டாய், அந்தத் தீர்ப்பில் ஒரு சொல்லையும் நான் குறைத்துப் பேசவில்லை, இதைப் படிக்கும் யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் தீர்ப்பு வந்த அன்றிரவு உன் ரசிகர்கள் புகார் கொடுத்தவரைப் பற்றி எழுதியவற்றை நீயும் பார்த்திருப்பாய். மேல்வரிசையில் கேட்ட அதே கோஷம்தான், இந்த முறை எழுத்தில். நீ பிரியாணிப் படமும் நன்றி என்ற சொல்லும் போட்டாய், வேறொன்றும் சொல்லவில்லை. வழக்கு கைவிடப்பட்டபோது பிரயன்ட் வெளியிட்ட அறிக்கையில், அந்தப் பெண்ணின் நோக்கத்தைத் தான் சந்தேகிக்கவில்லை என்றொரு வரி இருந்தது. அவ்வளவு நீ சொல்ல வேண்டியதில்லை, உன் வழக்கு வேறு. நிறுத்துங்கள் என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எட்டு மாதங்களாக அதற்குக் காத்திருக்கிறேன், தம்பி. உன்னிடம் எதிர்பார்க்க எனக்கு இனி உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

புதிய விதியின் ஊதியப் பிரிவு முன்தேதியிட்டு உனக்கும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். இதற்கு இரண்டு கூட்டங்கள் ஆயின. யார் எதிர்த்தார்கள் என்பதை எழுதினால் வழக்கறிஞர் அடித்துவிடுவார். நிலுவைத் தொகைக்கான படிவம் வரும் வியாழக்கிழமை உன் வழக்கறிஞரிடம் வந்து சேரும். இரண்டாம் பக்கத்திலும் நான்காம் பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். நான்காம் பக்கத்தில் மேலாளர் என்ற இடத்தில் நான் ஏற்கெனவே போட்டிருக்கிறேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உன்னுடையதைப் போட மனமில்லை என்றால் சொல்லி அனுப்பு, செயலாளரைக் கொண்டு வேறு படிவம் தயார் செய்யச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்