பச்சை விளக்கோடு கிளம்பிவிடாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீடுகளுக்கு ஃபைபர் (கண்ணாடி இழை) இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களுக்கும், அவர்களுக்காக ஊர்களில் லைன் இழுக்கும் கேபிள் ஆபரேட்டர்களுக்கும், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தம்பிகளுக்கும் வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களிடம் வேலை பார்த்தவனில்லை, உங்களுக்குப் போட்டியாக இணைப்பு விற்பவனும் இல்லை. ஆனால் நீங்கள் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, "நெட்டு வர்லீங்க, சுத்திக்கிட்டே இருக்குது" என்று ஜனங்கள் முதலில் வந்து நிற்பது என் கடையில்தான். போனை நீட்டுகிறார்கள். போனில் பெரும்பாலும் ஒரு கோளாறும் இருக்காது. பல நேரம் உங்கள் லைனிலும் இருக்காது. ரூட்டரை மாட்டிய இடமும், வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தராமல் விட்ட சில விஷயங்களும்தான் கோளாறு.

நான் கேட்பது இதுதான். ரூட்டர் பாக்ஸில் பச்சை விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்காதீர்கள். அந்த வீட்டில் யார் எந்த அறையில் உட்கார்ந்து நெட் பயன்படுத்தப் போகிறார்களோ, அந்த அறையில் அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போர் போட்டுத் தண்ணீர் கண்டதோடு வேலை முடிவதில்லை, மோட்டார் இறக்கித் தண்ணீர் வெளியே வந்தால்தான் முடியும்.

இடத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். டிவி கேபிள் நுழைந்த ஓட்டை சுவரில் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் அதே வழியில் ஃபைபரையும் விட்டு, டிவிக்குப் பின்னாலேயே பாக்ஸை மாட்டிவிடுகிறீர்கள். கேபிள் மிச்சமாகிறது, நேரமும் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் டிவியின் பின்புறம் பெரும்பாலும் உலோகத் தகடு. பக்கத்திலேயே இரும்பு பீரோ நிற்கும். அதன் கதவில் பதித்த கண்ணாடியின் பின்பூச்சுகூட வைஃபை அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் நிரம்பிய டிரம்மும் சின்டெக்ஸ் தொட்டியும் அலையை உறிஞ்சிக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பாக்ஸ் இருந்தால், அடுத்த அறைக்குப் போவதற்குள் பாதி வலு போய்விடுகிறது.

நம் பக்கத்து வீடுகளின் கதையே தனி. பாறை பூமி இது. பழைய வீடுகளில் ஒன்றரை அடி கனத்துக்குக் கருங்கல் சுவர் இருக்கிறது. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். அந்தச் சுவரைக் கடந்து போக 5 கிகாஹெர்ட்ஸ் அலையால் ஏறக்குறைய முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸும் திணறும். புது வீடுகளில் சுவர் ஹாலோபிளாக்காக இருந்தாலும், மேலே நெருக்கமாகக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். கீழ் வீட்டுக் கூடத்தில் ரூட்டர், மாடி அறையில் பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண். இந்த அமைப்பு நம் இரண்டு மாவட்டங்களிலும் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெண் மீட்டிங்கில் பேசப் பேசக் குரல் அறுந்து அறுந்து போகிறது. கம்பெனி அவரைத்தான் குறை சொல்கிறது. உங்கள் மீட்டரிலோ எல்லாம் சரியாக இருக்கிறது.

ஆகவே, கேபிளை உள்ளே விடும் முன்பே வாய்விட்டுக் கேளுங்கள்: "வேலை செய்யறது எந்த ரூமுங்க? பசங்க படிக்கறது எங்கீங்க?" அதற்கேற்ப ரூட்டரை வீட்டின் நடுவாக்கில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் மாட்டுங்கள். நிலைப்படிக்கு நேராக இருந்தால் இன்னும் நல்லது. அலை வாசல் வழியாகப் போய்விடும். கருங்கல்லோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இதற்குப் பத்து மீட்டர் கேபிள் கூடுதலாக ஆகும் என்றால், அதற்கான காசைச் சொல்லுங்கள். கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

ஒரே ரூட்டர் போதாத வீடுகளும் உண்டு. நீள வீடு, மாடி வீடு, களத்துக்கு அப்பால் தனியாக ஒரு அறை உள்ள தோட்டத்து வீடு. அங்கெல்லாம் "ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எக்ஸ்டெண்டர் என்பது ரூட்டரின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. விலை குறைந்த எக்ஸ்டெண்டர் அதே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். கேட் 6 லேன் கேபிள் ஒன்றை மாடிக்கு இழுத்து, இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை அங்கே வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக, வைத்துக் கொடுங்கள். அதில் டிஹெச்சிபியை (முகவரி பங்கிடும் வேலையை) அணைத்து, அதன் ஐபி முகவரி முதல் ரூட்டருடையதோடு மோதாதபடி மாற்றி, முதல் ரூட்டரின் லேன் துளையிலிருந்து இரண்டாவதன் லேன் துளைக்கே இணைத்தால் போதும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரே இதற்குப் பயன்படும். உங்கள் தம்பிகளுக்கு இது தெரியாத வேலையல்ல. செய்யச் சொல்லி யாரும் கூலி கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். நிறுவனங்கள் இதற்கொரு கட்டணம் வைத்து, அதில் ஒரு பங்கைத் தம்பிகள் கையில் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பாக்ஸ். 100 எம்பிபிஎஸ் திட்டத்தை விற்றுவிட்டு 2.4 மட்டும் உள்ள ரூட்டரைக் கொடுப்பது நியாயமில்லை. போனில் சோதித்தால் பல வீடுகளில் முப்பது, நாற்பதைத் தாண்டாது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு, லேன் துளை 100 மட்டும் தாங்கும் பெட்டியைக் கொடுத்தால் கேபிளை நேராகச் செருகினாலும் அரைப்பங்கு வேகம்கூட முழுசாக வராது. இரண்டு அலைவரிசையும் உள்ள பெட்டியைக் கொடுக்கும்போது 2.4-க்கு ஒரு பெயர், 5-க்கு ஒரு பெயர் என்று பிரித்து வைத்து, எது எதற்கு என்று சொல்லுங்கள். சிசிடிவி, பிரின்டர், பாட்டியின் பழைய போன் எல்லாம் 2.4-இல். லேப்டாப்பும் டிவியும் 5-இல். ஓசூர் பக்கம் அடுக்குமாடிகளில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில், அதாவது அலைவரிசைக்குள் ஒரே தடத்தில், மோதிக்கொள்கின்றன. 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்றில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஒரு நிமிஷ வேலை.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. 40 எம்பிபிஎஸ் திட்டத்தில் படம் இறக்கும்போது திரையில் நொடிக்கு 5 எம்பி என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபமாக வருகிறவர்கள் உண்டு. திட்டத்தின் எம்பிபிஎஸ் பிட் கணக்கு, திரையில் வரும் எம்பி பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே கணக்குச் சரி என்று நான் உங்கள் பக்கம் நின்று விளக்குகிறேன். இதைத் திட்டம் விற்கும்போதே நீங்கள் சொல்லியிருந்தால் அந்த மனத்தாங்கலே வந்திருக்காது.

இனி விளக்குகள். என்னிடம் வருகிற குழப்பத்தில் பாதி இங்கேதான். பாக்ஸில் PON என்று எழுதியிருக்கும் பான் விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்தால் ஃபைபர் உயிரோடு இருக்கிறது. LOS என்று எழுதியிருக்கும் லாஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் வெளியிலிருந்து வெளிச்சம் வரவில்லை, எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. வீட்டில் இருப்பவர் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. உங்களைத்தான் கூப்பிட வேண்டும். இந்த இரண்டு வரியைச் சொல்லாமல் போவதால் என்ன நடக்கிறது தெரியுமா? பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அமுக்கிவிடுகிறார்கள். யூடியூபில் யாரோ சொன்னார்களாம். பாக்ஸில் நீங்கள் போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, வீட்டு வைஃபை பெயர் எல்லாம் அழிந்துவிடுகிறது. அறுந்த கேபிளை நீங்கள் மறுநாள் ஒட்டிவிட்டாலும் நெட் வராது. ஒரு கோளாறு இரண்டாகிவிடுகிறது. ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுவது வேறு, அந்த ஓட்டையை அமுக்குவது வேறு என்று கையைப் பிடித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

லைன் கொடுக்கும்போது, ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் வலுவாக மீட்டர் காட்டும் டிபிஎம் அளவையும் பெட்டியின் அடியில் எழுதிவிட்டுப் போங்கள். மைனஸ் 20 சுற்றில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐ ஒட்டி ஓடுகிற இணைப்பு, பெருக்கும்போது பாக்ஸில் செருகிய மெல்லிய கேபிள் (பேட்ச்கார்டு) கொஞ்சம் மடங்கினாலே விழுந்துவிடும். பச்சை விளக்கு எரிகிறதே என்று அதை அப்படியே விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் நீங்களேதான் திரும்பி வரவேண்டும். முன்பு எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்திருந்தால், அடுத்து வருகிற தம்பிக்கு எங்கே தேடுவது என்று உடனே தெரியும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தெரு முழுக்க ஒரே பாஸ்வேர்டு வைப்பதையோ, வீட்டுக்காரரின் போன் நம்பரையே வைப்பதையோ நிறுத்துங்கள். ரூட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு அட்மின் என்றே கிடக்கிறது. வீட்டுக்குள் கேமரா மாட்டுகிற காலம் இது. வைஃபைக்குப் பூட்டாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையை வைத்து, வீட்டுக்காரர் சொல்லும் சொல்லையே பாஸ்வேர்டாகப் போட்டு, ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அது அவருடைய வீடு.

மின்சாரத்துக்கு வருகிறேன். கோடை மழைக்கு இடி இடிக்கத் தொடங்கினால் நம் ஊர்களில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் ரூட்டர் அணைந்து, மீண்டும் எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறது. ஆன்லைன் தேர்வில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது பெரிய நேரம். அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்துப் பொருத்தமான மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட். உங்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. சில தெருக்களில் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி வைத்து அங்கிருந்து லைனைப் பிரித்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் தெருவுக்கே நெட் போகிறது. அதற்கு பேட்டரி வையுங்கள். இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் அந்தக் கேபிளைத் தாங்கும் கம்பி எஃகாக இருந்தால் அதை வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்துங்கள், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இடி தொடங்கும் முன்பே அடாப்டரைப் பிடுங்கி வைக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

வெளியே கேபிள் போகிற விதத்தைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது. புளியமரத்திலும் தென்னையிலும் கட்டி, காற்றுக்கு உரசி, லாரியில் அடுக்கிய வைக்கோலில் மாட்டி அறுகிறது. அணில் கடிக்கிறது, குரங்கு தொங்குகிறது. ஒட்டிய இடத்துக்கு மூடிய பெட்டி போடாமல் டேப் சுற்றி விடுகிறீர்கள். குடிநீர்க் குழாய்க்கும் சாலை விரிவுக்கும் தோண்டும்போது ஜேசிபி புதைத்த கேபிளை இழுத்துப் போடுவதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் தோண்டும் முன் தெரிவிப்பதற்கென்றே 2023-இல் 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியை மத்திய அரசு கொண்டுவந்தது. உங்கள் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்ற வரைபடம் உங்களிடமே இல்லாவிட்டால் அந்தச் செயலியால் யாருக்கு என்ன லாபம்? தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுபோகும் திட்டத்தில் இருக்கிறது. சித்தேரி மலைக்கும் அஞ்செட்டிக்கும் லைன் போகும்போது கடைசி நூறு மீட்டர் வேலை உங்களைப் போன்றவர்கள் கையில்தான் வரும். இப்போது பழகும் பழக்கம்தான் அங்கேயும் போகும்.

புகார் சொன்னால் எண் கொடுங்கள். "பையன அனுப்பறேன்" என்பது எண் ஆகாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் புகார் எண் தரவேண்டும். அங்கே தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். இந்த வழி இருப்பதே என் கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. பில்லின் அடியில் தமிழில் அச்சிடுங்கள்.

ரூட்டர் பெட்டியோடு ஒட்டுத்தாள் ஒன்றும் கொடுங்கள். அதற்கான வரிகளை நானே எழுதியிருக்கிறேன்:

"பான் பச்சை, லாஸ் அணைந்திருந்தால் லைன் நன்றாக இருக்கிறது. நெட் வராவிட்டால் ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். பாக்ஸுக்குப் பக்கத்தில் வந்து பாருங்கள். பக்கத்தில் வேகமாக வந்து அறையில் வராவிட்டால் இடம்தான் காரணம். லாஸ் சிவப்பாகச் சிமிட்டினால் எதையும் தொடவேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள், புகார் எண் கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்துச் சின்ன ஓட்டையை அமுக்காதீர்கள். மெல்லிய கேபிளை மடக்காதீர்கள்."

கீழே உங்கள் பெயரையும் நம்பரையும் போட்டுக்கொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கொடுப்பதற்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி வாங்குங்கள். காவேரிப்பட்டணத்தில் லைன் கொடுக்கும் தம்பிகள் கடைக்கு வந்தால், முதல் கட்டு ஒட்டுத்தாளை என் செலவில் அச்சடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்துக் கைபேசிக் கடைக்காரன்