முதல் நாளே கதையைக் கேட்காதேயும், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

கிளிநொச்சியில் உளவளத்துணையாளராக வேலை தொடங்கியதில் எனக்குச் சந்தோசம். முதல் நாள் வந்த அம்மா முழு நேரமும் தலையிடியைப் பற்றியே பேசிவிட்டுப் போனார், முள்ளிவாய்க்காலைப் பற்றி வாய் திறக்கவில்லை, அடுத்த முறை எப்படிக் கேட்பது என்று எழுதியிருந்தீர். இதே கேள்வி உம்மைப்போல வேறு பிள்ளைகளுக்கும் இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உமது பெயரையும் அந்த அம்மாவைக் காட்டிக்கொடுக்கும் விபரங்களையும் விட்டுவிட்டேன்.

கேட்க வேண்டாம். அடுத்த முறையும் தலையிடியைப் பற்றியே கதையும். விடியவே தொடங்குமா, பொழுதுபட்ட பிறகா? நித்திரை எப்படி? போர் முடிந்த மே மாதம் வந்தால் கூடுமா? எங்கள் சனம் மனத்தின் நோவைத் தேகத்தில்தான் கொண்டுவரும். நெஞ்சு இறுக்கம், கைகால் விறைப்பு, உடம்பெல்லாம் எரிவு, பெருமூச்சு. ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பியிருப்பார்கள். நீரும் 'இது தலையிடி இல்லையம்மா, மனசு' என்றால், தன்னைப் பொய்க்காரி என்கிறீர் என்றுதான் அவர் எடுப்பார்.

மனத்தில் கிடப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது பாதி உண்மைதான். சுனாமிக்குப் பிறகு வந்த சில குழுக்கள் ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்லவைத்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போனதைக் கரையோரச் சனம் இன்னும் மறக்கவில்லை. அப்படியான ஒற்றை அமர்வு மனவடு நோயை (PTSD) தடுப்பதற்கு ஆதாரமில்லை, கட்டாயப்படுத்திச் செய்வதை நிறுத்தவேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் தொகுப்பு 2002 இலேயே சொல்லியிருந்தது. சுனாமி வந்தது 2004 இல்.

முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவும் துக்கமும், பிறகு மனிதரோடு திரும்பச் சேருதல். அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992 இல் வகுத்த ஒழுங்கு இது. பாதுகாப்பு என்றால் சின்னச் சின்ன விசயங்கள்தான். அவருடைய கதிரையிலிருந்து வாசல் தெரியவேண்டும். கதவைச் சாத்துவதா, திறந்துவைப்பதா என்று அவரிடமே கேளும். பக்கத்து அறைக்குப் பேச்சுக் கேட்குமானால் இடத்தை மாற்றும். அப்புறம் தேகத்தை அமைதிப்படுத்தக் கற்றுக்கொடும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் இதற்கு எங்கள் வழமைகளையே எடுத்தார்: மூச்சுப் பயிற்சி, மல்லாந்து படுத்துத் தேகத்தைத் தளர்த்தும் சாந்தியாசனம், அவரவர் சமயத்தில் மனத்துக்கு நெருக்கமான ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல். சைவருக்கு 'ஓம்', கத்தோலிக்கருக்குச் செபமாலை. போர் ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்பதையும் அவர் விடாமல் எழுதிவந்தார்.

ஆள் நித்திரை கொள்ளத் தொடங்கி, உம்மை நம்பி வரத் தொடங்கினால், சரி, அப்போது கயிற்றை எடும். ஜெர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய முறை. நிலத்தில் கயிற்றை விரித்து, பிறந்ததிலிருந்து வரிசையாக நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைப்பது. மறுமுனை சுருட்டியபடியே கிடக்கும்; அது இனி வரப்போகிற காலம். எங்கள் ஆட்கள் கல்லை மளமளவென்று வைப்பார்கள், பூவுக்குத்தான் கை போகாது. அவசரப்படுத்தாதேயும். முதல் பள்ளிக்கூடம், பெரியபிள்ளையான சடங்கு, முதல் வயல் வெட்டு என்று கேட்டுக்கொண்டு போனால் பூவும் வரும்.

அடுத்த அமர்வுகளில் அதே வரிசையில் கதை. கல் இருக்கும் இடத்தில் மெதுவாகப் போகவேண்டும். 'ஷெல் விழுந்தது' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'ஷெல் விழுது' என்பார், கண் எங்கோ போய்விடும், மூச்சு ஏறும். அந்த நேரம் ஆள் உமக்கு முன்னால் இல்லை, கடைசிப் போர் நடந்த மாத்தளன் மணலில் நிற்கிறார். 'அம்மா, இப்ப எங்க இருக்கிறியள்? காலுக்குக் கீழ சீமெந்துத் தரை குளிருதா?' என்று இங்கே கூட்டி வாரும். பிறகு திரும்பவும் அந்த இடத்துக்கே போய், பயம் இறங்கும்வரை கூட இரும். நேரம் முடிந்தது என்று நடுவில் எழும்பவே கூடாது. இதற்கு ஒன்றரை மணித்தியாலமாவது ஒதுக்கும். வெளியே ஆட்கள் காத்திருந்தாலும்தான்.

கதை சொல்லாமலும் ஆறுவார்கள் என்பதை மறக்கவேண்டாம். சுனாமி முடிந்து சில கிழமைகளில் வடமராட்சி மணற்காட்டு முகாமில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு மேலே சொன்ன கதை சொல்லும் முறை, மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 81 வீதம், மற்றதில் 71 வீதம் தேறியிருந்தார்கள். அவ்வளவு சின்னத் தொகையில் அது பெரிய வித்தியாசமல்ல. சிகிச்சையே இல்லாத பிரிவு ஒன்று அதில் இருக்கவில்லை, ஆகவே தானாகத் தேறியவர்களும் இருந்திருக்கலாம். என்றாலும் 'சொல்ல விருப்பமில்லை' என்கிறவரை வற்புறுத்தத் தேவையில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

கல் வைக்கவே முடியாதவர்களும் உம்மிடம் வருவார்கள். போர் முடிவில் பிள்ளையைப் படையினரிடம் கையளித்து, பிறகு காணாத தாய்க்கு இறந்த திகதி இல்லை, திகதி இல்லாமல் திவசம் இல்லை. கணவனைத் தேடுகிறவர் பொட்டை அழிப்பதா வைப்பதா என்று ஊர் கதைக்கும். 'ஏற்றுக்கொள்ளுங்கோ' என்று அவர்களிடம் சொல்ல உமக்கோ எனக்கோ உரிமை இல்லை. 2017 பெப்ரவரி 20 இல் உமது ஊரில், கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே அந்தத் தாய்மார், அவர்களில் ஒருவர் வந்தால், போராட்டத்துக்குப் போவதை நோய்க்குறி என்று எழுதிவிடாதேயும். அங்கே பக்கத்தில் இருக்கிறவர் செய்யும் வேலையை நாம் அறைக்குள் இருந்து செய்ய முடியாது.

கடைசியாகக் குறிப்புகள். அந்த ஜெர்மன் முறையில் முழுக்கதையையும் எழுதி, வாசித்துக் காட்டி, ஆளின் கையிலேயே கொடுப்பார்கள். இங்கே அப்படியொரு தாளை வீட்டில் வைத்திருக்கப் பலருக்குப் பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆகவே முதலே கேளும்: எழுதலாமா, எழுதினால் யார் வைத்திருப்பது, கிழித்துவிடுவதா என்று. உமது கோப்பில் படைப்பிரிவு, ஆட்பெயர், இடம் ஒன்றும் வேண்டாம். அலுமாரித் திறப்பு உம்மிடம் மட்டும் இருக்கட்டும், அதை மேலதிகாரி கேட்டால் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு கோல் எடும்.

அன்புடன்,
அக்கா