சம்பள வெட்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விமான நிறுவனங்கள் சாமான் ஏற்றி இறக்குவது போன்ற தரைப்பணியையும் பராமரிப்பையும் வெளி ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்போவதாகச் சொல்லி, ஊழியர்களிடம் சம்பள வெட்டு கேட்கும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. சம்பளத்தை விட்டுக்கொடு அல்லது வேலையை விடு என்று இரண்டே வழி இருப்பதாகத்தான் அவை படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் வெட்டு அடுத்த மாதமே சம்பளத்தில் விழுந்துவிடுகிறது. வேலை உறுதியோ சங்கமும் நிர்வாகமும் போடும் ஒப்பந்தத்தில் சில வரிகளாக மட்டும் இருக்கிறது. அந்த வரிகளைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொழிற்சங்க உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். எத்தனை சதவீத வெட்டு என்பதைப் பிறகு பேசலாம்.

முதலில் கணக்கு. அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் வெட்டினால், பழைய இடத்துக்கு வர 25 சதவீத உயர்வு தேவை. ஆண்டுக்கு 3 சதவீதம் உயர்ந்தால் எட்டு ஆண்டுகள் ஆகும், அதுவும் விலைவாசியைக் கணக்கில் சேர்க்காமல். ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் பெரும்பாலும் அடிப்படையை வைத்தே கணக்கிடப்படுவதால் வெட்டு அங்கெல்லாம் தொடரும். எனவே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடிப்படையில் கை வைக்க விடக் கூடாது. போனஸை நிறுத்தி வைக்கலாம், ஊதிய உயர்வைத் தள்ளிப்போடலாம், முறைவைத்துச் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம். இவற்றுக்கெல்லாம் முடிவுத் தேதி போட முடியும்.

நிர்வாகத்தின் கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும். தரைப்பணிச் சம்பளம் மொத்தச் செலவில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20 சதவீத வெட்டில் மிச்சமாவது மொத்தத்தில் 1 சதவீதம். எரிபொருள் விலை கொஞ்சம் ஏறினாலே அது கரைந்துபோகும். கையிருப்பில் எவ்வளவு பணம், 12 மாதத்துக்குள் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு, விமான வாடகை பாக்கி உண்டா, இந்த மூன்றும் தெரியாமல் பேச உட்காரக் கூடாது. பணம் நிஜமாகவே சில வாரங்களுக்குத்தான் வரும் என்றால், தேதி போட்ட வெட்டுக்கு ஒப்புக்கொள்வதுதான் விவேகம். அதைத் துரோகம் என்று மேடையில் முழங்குவது சுலபம்.

ஒப்பந்த நிறுவனம் கொடுக்கும் விலைப்புள்ளியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு விமானம் வந்து திரும்பிப் போக இவ்வளவு என்று அது விலை சொல்லும். விமானம் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம், கூடுதல் சக்கர நாற்காலி, கருவி வாடகை, மேற்பார்வைக்கு நிறுவனம் தன் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டிய ஆட்கள், வெளியேறுவோருக்கான இழப்பீடு ஆகியவை பெரும்பாலும் அந்த விலையில் இருக்காது. இன்னொன்றை எல்லோரும் கவனிப்பதில்லை. தரைப்பணிக்கு உலகெங்கும் புழங்கும், விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான ஐயாட்டாவின் நிலையான ஒப்பந்தப் படிவத்தில் 8-வது பிரிவு பொறுப்பைப் பற்றியது. ஒப்பந்த நிறுவனத்தின் கவனக்குறைவால் விமானம் சேதமானாலும் அது தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. விமானம் பறக்காமல் நின்றதால் ஏற்படும் வருமான இழப்பு அதில் சேராது. இந்தச் சுமையையும் சேர்த்துக் கூட்டச் சொல்லுங்கள்.

சேதம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: சாமான் ஏற்றும் பெல்ட் வண்டி விமானத்தின் உடற்பகுதியைத் தொடவே கூடாது. முனையில் ரப்பர் இருந்தாலும் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். வழிகாட்ட ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். பயணிகளும் சாமானும் ஏற ஏற விமானம் கீழே தணியும் என்பதால் இடைவெளியை இடையிடையே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உரசிவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை போகும் என்று பயப்படுகிறவர் சொல்ல மாட்டார். அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2005 மே மாதம் சியாட்டிலில் ஏறத்தாழ 470 தரைப்பணியாளர்களை நீக்கி, வேலையை மென்சீஸ் நிறுவனத்திடம் விட்டது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று அங்கிருந்து கிளம்பிய எம்டி-80 ரக விமானம் ஒன்று சுமார் 26,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் இழந்து திரும்பி வந்தது. உடற்பகுதியில் ஓர் அடி நீளத்துக்கு ஓட்டை. தரையில் வண்டி இடித்ததை அப்போதே யாரும் தெரிவிக்கவில்லை என்று விசாரணையில் வெளிவந்தது. ஒப்பந்தத் தொழிலாளி திறமையற்றவர் என்று இதற்குப் பொருளல்ல. ஆள் அடிக்கடி மாறும் இடத்தில் பயிற்சியும் நிலைக்காது, வாய்திறக்கும் தைரியமும் வளராது.

இனி சங்கமும் நிர்வாகமும் போடும் ஒப்பந்தத்தின் வாசகம். 'முக்கியப் பணிகள் வெளியே விடப்பட மாட்டாது' என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. எது முக்கியம் என்று நிர்வாகமே சொல்லிக்கொள்ளும். வேலைகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டியை இயக்குதல், சாமான் ஏற்றி இறக்குதல், அன்றாடப் பராமரிப்பு, சி-செக் எனும் பெரிய பராமரிப்புச் சோதனை, எந்தெந்த நிலையங்களில் என்பது வரை. இருக்கிற ஊழியருக்கு மட்டும் பாதுகாப்பு என்றிருந்தால், ஓய்வு பெறுவோரின் இடங்கள் ஒவ்வொன்றாக வெளியே போய்விடும். எனவே குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை எண்ணாகவே போட வேண்டும். சிறிய நிலையங்களுக்கு விலக்கு, புதிய ரக விமானத்துக்கு விலக்கு என்று ஓட்டைகள் நுழையும் இடங்களைக் கூர்ந்து பாருங்கள். கனரகப் பராமரிப்புக்குத்தான் ஆபத்து அதிகம். விமானத்தைக் காலியாக வேறு நாட்டுக்கு ஓட்டிச் சென்று வேலையை முடித்துக் கொண்டுவர முடியும். வாயிலில் நிற்கும் விமானத்துக்கு டயர் மாற்றும் வேலையை அப்படிக் கொண்டுபோக முடியாது. 'எதிர்பாராத சூழ்நிலை' ஷரத்தையும் குறுக்க வேண்டும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் ஆட்குறைப்புத் தடையைத் தாண்டிப்போனது அந்த ஷரத்தைக் காட்டித்தான்.

உறுப்பினர்களுக்குள்ளேயே நலன்கள் முரண்படும். ஆட்குறைப்பு பணிமூப்புப்படி நடக்கும் இடத்தில், சீனியர்களுக்கு வேலை போகாது. அவர்களுக்குச் சம்பள வெட்டுதான் நஷ்டம். இளையவர்களுக்கு நேர் எதிர். இதைத் தீர்க்க, புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் குறைந்த சம்பளம் என்ற இரட்டை விகிதம் சுலபமான வழியாகத் தோன்றும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1983-ல் அதைக் கொண்டுவந்தது. வாக்குரிமை இல்லாத நாளைய ஊழியரின் தலையில் சுமையை வைப்பது அது. அவர்கள் பெரும்பான்மையாகும்போது சங்கத்துக்குள் பகையாக வந்து நிற்கும். விருப்ப ஓய்வை முதலில் கேட்பது இதைவிட நல்லது.

அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2003 ஏப்ரலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 180 கோடி டாலர் அளவுக்கு ஊழியர்கள் விட்டுக்கொடுக்க வாக்களித்தார்கள். தலைமை அதிகாரிகளைத் தக்கவைக்க போனஸ், அவர்களின் ஓய்வூதியத்துக்குத் தனி அறக்கட்டளை என்ற விவரங்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு வெளியான ஆண்டறிக்கையில்தான் தெரிந்தன. தலைமை நிர்வாகி டான் கார்ட்டி அந்த மாதமே பதவி விலக நேர்ந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் திவால் காலத்தில் சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிறகும், 2005-ல் அவர்களின் ஓய்வூதியத் திட்டங்கள் கைவிடப்பட்டன.

வேலைநிறுத்தம் என்றாலும் நிதானம் வேண்டும். 2005-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் தன் மெக்கானிக்குகளிடம் சம்பளத்தில் கால் பங்கையும் ஏறக்குறைய பாதி வேலைகளையும் சேர்த்தே கேட்டது. ஆகஸ்ட் 20 அன்று அவர்கள் வெளியேறியபோது மாற்று ஆட்கள் பயிற்சி முடிந்து தயாராக இருந்தார்கள். மற்றச் சங்கங்கள் வேலைக்குப் போயின. அந்தச் சங்கங்களின் எழுத்துமூல உறுதி இல்லாமல் தேதி குறிக்கக் கூடாது.

நீதிமன்றத்தை நம்பியிருப்போருக்கு ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவன வழக்கு. 2020-ல் பத்து விமான நிலையங்களின் தரைப்பணி வெளியே விடப்பட்டது; 1,820 பேர் பாதிக்கப்பட்டனர். ஊழியர்களும் போட்டி விலைப்புள்ளி கொடுக்கலாம் என்று நிர்வாகம் சொன்னது, கொடுத்ததை நிராகரித்தது. எதிர்காலத்தில் அவர்கள் கூட்டுப் பேரம் பேசுவதையும் வேலைநிறுத்தம் செய்வதையும் தடுப்பதும் ஒரு காரணம் என்பதால் அது சட்டவிரோதம் என்று 2021-ல் தீர்ப்பானது. 2023 செப்டம்பரில் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இழப்பீடாக 12 கோடி ஆஸ்திரேலிய டாலர், 2025 ஆகஸ்டில் அபராதமாக மேலும் 9 கோடி. ஆனால் வேலையில் திரும்பச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிடவில்லை.

ஆகவே வாக்கெடுப்புத் தேதி கேட்டு நிர்வாகம் நெருக்கும்போது சங்கங்கள் மூன்றைக் கேட்கலாம்: தணிக்கை செய்த ஆண்டறிக்கை வெளியான பிறகே வாக்கெடுப்பு, வாக்குச்சீட்டோடு ஒப்பந்தத்தின் முழு வாசகம், லாபம் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் வெட்டிய சம்பளம் பேச்சுவார்த்தை இல்லாமலே திரும்பும் என்ற ஷரத்து. மூன்றாவதில் லாபம் என்பது வட்டிக்கு முன்னா பின்னா என்பதையும் அங்கேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
விமானத் துறைத் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளில் பணியாற்றுவோர்