துப்பறிவாளரின் அக்காவை எழுதப்போகும் கதைக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குற்றப் புலனாய்வுத் தொடர்களின் கதைக்குழுவினருக்கு வணக்கம்.

ஒரு துப்பறியும் தொடர் மூன்று நான்கு சீசன் ஓடிவிட்டால், நாயகனின் உடன்பிறப்பு வரும் எபிசோடை எதிர்பார்க்கலாம். அதுவரை பேச்சிலேயே அடிபடாத அக்காவோ அண்ணனோ திடீரென்று முளைப்பார். நாயகனைவிடக் கெட்டிக்காரர், வாயாலேயே ஆளைக் கவிழ்ப்பவர். நடந்த கொலைகளுக்கெல்லாம் அவர்தான் சூத்திரதாரி என்பது கடைசிப் பத்து நிமிடத்தில் தெரியவரும். இந்த வகை எபிசோடை ஆசையோடு பார்க்கிறவர்கள் நாங்கள். காட்சி காட்சியாகப் பிரித்துப் பேசுகிறவர்கள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறோம்: அந்த அக்கா ஆட்களை எப்படி ஆட்டிவைக்கிறார் என்பதைத் திரையில் காட்டுங்கள்.

2017 ஜனவரி 15 அன்று பிபிசியில் வந்த 'ஷெர்லாக்' நான்காம் சீசனின் இறுதி எபிசோடை எடுத்துக்கொள்வோம். ஷெர்லாக்கின் தங்கை யூரஸை முந்தைய இரண்டு எபிசோட்களிலேயே மூன்று வேடங்களில் நம் கண்முன் நடமாடவிட்டிருந்தார்கள். பேருந்தில் சிரித்த பெண், உதவி கேட்டு வந்த பெண், மனநல ஆலோசகர் மூன்று பேரும் அவள்தான். அது அருமையான வேலை. ஆனால் இறுதி எபிசோடில், தீவுச் சிறை ஒன்றையே அவள் பேசிப் பேசிக் கைக்குள் போட்டுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். முதலில் எந்தக் காவலரிடம் என்ன கேட்டாள், அவர் எதை விட்டுக்கொடுத்தார், அது அடுத்து எங்கே கொண்டுபோய் விட்டது என்ற படிகள் நமக்குக் கிடைப்பதில்லை. பேச்சு மந்திரமாகிவிடுகிறது. மந்திரத்தில் துப்பறிய ஒன்றுமில்லை.

குடும்பத்துக்குள் ஆட்டிவைப்பவர் பெரிய பொய் சொல்வதே அபூர்வம். உண்மைகளை இடம் மாற்றி வைப்பார், ஒரு சொல்லைக் கூட்டுவார், அவ்வளவுதான். துப்பறிவாளர், அவருடன் வேலை செய்யும் அதிகாரி, அக்கா என்று மூன்று பேரை வைத்தே இதைக் காட்டிவிடலாம். முதல் காட்சியில் அக்கா அந்த அதிகாரிக்குப் போன் செய்கிறாள். "தம்பி ரெண்டு நாளா போனே எடுக்கல சார், நல்லா இருக்கானா?" அவர் நல்ல மனதோடு, "ராத்திரி டியூட்டி மேடம், தூக்கமே இல்ல அவருக்கு" என்கிறார். இரண்டாம் காட்சியில் அதே அக்கா தம்பியிடம்: "உன்கூட வேலை பாக்கறவர் தங்கமான மனுஷன்டா. நீ தூக்கமில்லாம தடுமாறுறேன்னு ரொம்பக் கவலைப்பட்டார்." 'தடுமாறுறே' என்பது மட்டும் அவள் சேர்த்தது. மூன்றாம் காட்சியில் தம்பி அந்த அதிகாரியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் புரியாத அவர், விளக்கம் கேட்டு அக்காவுக்கே போன் செய்கிறார். சிண்டு முடிந்தவளிடமே இரண்டு பேரும் ஆறுதல் தேடிப் போகிறார்கள்.

இதற்கு மொத்தம் நான்கு நிமிடம் போதும். விளம்பரம் போக 42 முதல் 44 நிமிடம் கிடைக்கும் ஒரு மணி நேர எபிசோடில் இது தாராளமாக அடங்கும். பார்வையாளர் இரண்டு உரையாடல்களையும் முழுதாகக் கேட்டாக வேண்டும். 'வந்ததே மறுபடி வருகிறது' என்று படத்தொகுப்பில் ஒன்றை வெட்டிவிட்டால் எல்லாம் போச்சு. அந்த ஒரு சொல் எங்கே நுழைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இருக்காது. அக்கா திரையில் தோன்றும் முதல் காட்சிக்கு மிரட்டும் பின்னணி இசையும் வேண்டாம். அது அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது நினைவு. வேறு எந்த வில்லனுக்கும் இல்லாத ஆயுதம் உடன்பிறப்புக்கு உண்டு: நாயகனின் பிள்ளைப்பருவத்துக்கு அவரும் சாட்சி. 1995-ல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வு உங்கள் கதை விவாதத்தில் மேசைமேல் இருக்க வேண்டியது. 24 பேரிடம், சிறுவயதில் நடந்ததாக அவரவர் உறவினர் சொன்ன சம்பவங்கள் என்று நான்கைக் கொடுத்தார்கள். மூன்று உண்மை. கடையில் தொலைந்துபோனதாகச் சொன்ன நான்காவது, கட்டுக்கதை. சுமார் நான்கில் ஒருவர் அந்தக் கட்டுக்கதையை முழுதாகவோ ஓரளவோ 'நினைவுகூர்ந்தார்'. அதற்கு முன் நடந்த முன்னோட்ட முயற்சியில் 14 வயதுத் தம்பியிடம் பொய்ச் சம்பவத்தைச் சொன்னவர் அவனுடைய அண்ணனேதான். சில நாட்களில் அந்தப் பையன், தன்னைக் கண்டுபிடித்த மனிதருக்கு வழுக்கையும் மூக்குக் கண்ணாடியும் இருந்ததுவரை சொன்னான். யாரும் சொல்லிக்கொடுக்காத விவரம் அது, அவனே நிரப்பிக்கொண்டது.

எழுத்தாளருக்கு இது புதையல். அக்கா பொய்யை முழுதாகச் சொல்ல வேண்டாம். மூன்று உண்மைச் சம்பவங்களுக்கு நடுவே அதைச் செருகிவிட்டு, "உனக்கு ஞாபகம் இருக்கணுமே" என்று நிறுத்தட்டும். மிச்சத்தைத் தம்பி நிரப்புவான். தடயத்தையும் அங்கேயே வைக்கலாம். அவன் பெருமையோடு சொல்லும் ஒரு விவரம், பழைய புகைப்படத்தில் இருப்பதோடு ஒத்துப்போகாது. துப்பறிவாளர் தன் தலைக்குள்ளேயே துப்பறிய வேண்டிய நிலை அது. ஆனால் அந்தப் பொய் நினைவை பிளாஷ்பேக்காகப் படமாக்கிக் காட்டிவிட்டு, பிறகு 'அது நடக்கவே இல்லை' என்று சொல்லாதீர்கள். கேமரா காட்டியதைப் பார்வையாளர் நம்புகிறார். அதை மீறினால் தொடரின் மற்ற பிளாஷ்பேக்குகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அவன் வாயால் சொல்லட்டும், கேமரா அவன் முகத்திலேயே இருக்கட்டும்.

இத்தனை நாள் இல்லாத அக்கா இப்போது எங்கிருந்து வந்தாள் என்ற கேள்விக்குப் பழைய விடை ஒன்று உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதை வந்தது 1887-ல். அண்ணன் மைக்ராஃப்ட் தலைகாட்டியது 1893-ல். ஹோம்ஸுக்கு உறவென்று யாருமே உயிரோடு இல்லை என்று எண்ணியிருந்ததாக அவருடைய நண்பர் வாட்சனையே தொடக்கத்தில் சொல்லவைத்து, வாசகரின் சந்தேகத்தைக் கோனன் டாயில் முந்திக்கொண்டார். குடும்பத்தைப் பற்றிப் பேசாதது ஹோம்ஸின் குணமாகிவிட்டது. உங்கள் நாயகனின் மௌனத்துக்கும் ஒரு காரணம் வையுங்கள், அதைக் கவனித்துக் கேட்கும் ஓர் ஆளையும் வையுங்கள்.

விசாரணை அறைக்கு வருவோம். அக்கா சந்தேக நபர் என்று தெரிந்த பிறகும் தம்பியே அவளைத் தனியாக விசாரிக்கும் காட்சி எங்களுக்கு அலுத்துவிட்டது. அவர் உடனே மேலதிகாரியிடம் உறவைச் சொல்லி, வழக்கிலிருந்து ஒதுங்க வேண்டியவர். ஒதுங்காவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வாக்குமூலத்தைத்தான் முதலில் பிடிப்பார். அமெரிக்காவில் நடக்கும் கதை என்றால், உச்ச நீதிமன்றத்தின் 1963-ன் பிரேடி தீர்ப்பின்படி குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரங்களை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது. சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் விஷயங்களும் அதற்குள் வரும் என்று 1972-ன் ஜிக்லியோ தீர்ப்பு சொன்னது. ஒதுங்க வேண்டும் என்ற விதியைத் தடையாக நினைக்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் தம்பி வாய் திறக்க முடியாமல் நிற்கிறார். உள்ளே, ஏற்கெனவே மனம் கசந்த அந்த அதிகாரி கேள்வி கேட்கிறார். அக்கா அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறாள். தனி விசாரணையில் இந்த இறுக்கம் கிடைக்காது.

அவளைக் கொலைகாரியாக்கியே தீர வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நெருங்கிய உறவிலோ குடும்பத்திலோ ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கிவைப்பதே குற்றம். 2015-ன் கடுங்குற்றச் சட்டம், பிரிவு 76. அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டுச் சிறை. குடும்பத்தினர் ஒரே வீட்டில் வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் 2023 ஏப்ரலில் நீங்கிவிட்டது. தனி வீட்டில் இருக்கும் அக்காவும் இப்போது இதற்குள் வரலாம். ஆனால் ஒரே ஒரு போன் அழைப்பை வைத்து நிரூபிக்க முடியாது. அந்த நடத்தை திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் அன்றாட வாழ்க்கையைக் குலைத்திருக்க வேண்டும் அல்லது குறைந்தது இரண்டு முறையாவது வன்முறை நேருமோ என்று அவரை அஞ்சவைத்திருக்க வேண்டும். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் தேதிவாரியாக அடுக்கும் புலனாய்வு இது. ஒரு முழு எபிசோடுக்கு அந்த அடுக்கலே போதும்.

கடைசியாக, கைதோடு கதையை மூடிவிடாதீர்கள். அந்த அதிகாரிக்கும் துப்பறிவாளருக்கும் நடுவே விழுந்த விரிசல் அவள் சிறைக்குப் போனதும் தானாகச் சேர்ந்துவிடாது. 'நீ தடுமாறுறேன்னு நான் சொல்லவே இல்லை' என்று அவர் சொல்லவும் இவர் அதை நம்பவும் ஒரு காட்சி வேண்டும். அதை அடுத்த எபிசோடில் வையுங்கள். அங்கேயும் இவர் உடனே நம்பிவிட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தொடர்களை விடாமல் பார்க்கும் ரசிகர்கள்